துரை வள்ளத்தின் சூடான இஞ்சின்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே,

ஓய்வு பெற்ற மனிதனைப் பேசக் கூப்பிட்டால் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, அவன் லேசில் நிறுத்தமாட்டான். மற்றது, தான் செய்ததெல்லாம் சரி என்பான். முதலாவதற்கு என்னிடம் மருந்து இல்லை. இரண்டாவதற்குப் பயந்துதான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தேன். இதில் நான் சரியாகச் செய்தது ஒன்றே ஒன்று. அதையும் என் சொந்த விதியை மீறித்தான் செய்தேன்.

அந்த விதி உங்களுக்குத் தெரியும். இந்தப் பட்டறையில் என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பதற்கு நீங்கள் வைத்திருப்பதே அதுதான். "கிழவன் இஞ்சினைப் பார்க்க மாட்டான், முதலில் தொடுவான்." உண்மைதான். பழைய இஞ்சின் ஒன்றை விலைக்குப் பார்க்கப் போனால், மூடியைத் திறப்பதற்கு முன், பெயர்த் தகட்டைப் படிப்பதற்கு முன், உள்ளங்கையை அதன் மேல் வைப்பேன். சூடாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய் எங்காவது தேநீர் குடிப்பேன். அது ஆறிய பிறகுதான் வருவேன்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பட்டறை வேலையாட்களை மேய்த்த போர்மன். யாழ்ப்பாணத்து மனிதர், கோபக்காரர், சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. நான் சேர்ந்த புதிதில் நாவலப்பிட்டிப் பக்கம் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஆலை ஒன்றுக்குப் பழைய எண்ணெய் இஞ்சின் ஒன்று வாங்க என்னை அனுப்பினார். நான் போனபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஓட்டம்! கோயில் மேளம் தோற்றுப்போகும். நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். புது இடத்தில் பூட்டிய மறுநாள் காலை, வாட்டிய கொழுந்து தட்டுத் தட்டாகக் காத்துக் கிடக்க, இஞ்சின் அசையவில்லை. சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரு கூட்டமே இழுத்தது. தேர் இழுத்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும். கொழுந்து அவ்வளவும் கெட்டது. பிறகுதான் விளங்கியது: அந்த இஞ்சின் சூட்டில் மட்டும் வேலை செய்யும் சாதி. விற்றவர்கள் நான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னமே அதை ஓட விட்டிருந்தார்கள்.

போர்மன் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயங்கரம். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, சூடான இஞ்சினை ஒரு நாளும் நம்பாதை. முதல்லை கையை வை. சுட்டால், போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வா."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதைச் சாமி வாக்காகப் பிடித்துக்கொண்டவன் நான். பிழை அங்கேதான் இருந்தது.

இனி படகுக்கு வருகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். தேயிலை விலை விழுந்து, துரைமார் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். ஹந்தானைத் தோட்டமொன்றின் பெரிய துரை கண்டி வாவியில் ஒரு மோட்டார் படகு வைத்திருந்தார். சாதாரணப் படகு அல்ல. வெள்ளைப் பூச்சு, பித்தளைக் கைப்பிடி, நடுவில் கதவு வைத்த சிறு அறை, அறைக்குள் மெத்தைக் கதிரை. ஓட்டுவதற்கு ஒரு பெரிய இஞ்சின்; விளக்கெரிக்கத் தனியாக ஒரு சின்ன இஞ்சினும் டைனமோவும். கடலில் போகவேண்டிய இந்தச் சாமானைக் கொழும்பிலிருந்து ரயிலில் ஏற்றி, ஸ்டேஷனிலிருந்து யானை கட்டி இழுத்து வந்து, ஒரு மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடக்கூடிய வாவியில் இறக்கியிருந்தார். துரை அதை 'யொட்', உல்லாசக் கப்பல், என்பார். வாவிக்கரையில் கடலை விற்கிறவர்கள் துரை வள்ளம் என்பார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள், கரையில் நடக்கிறவர்கள் அதைப் பார்த்து இரண்டு தடவை கையசைத்துவிடுவார்கள்.

துரை சீமைக்குப் போகும் முன் அதை விற்க நினைத்தார். வாங்க முன்வந்தவர் காசிம் ஹாஜியார். கண்டியில் இரும்புக் கடை வைத்திருந்தவர். அவருடைய மச்சான் மூதூரில் இருந்தார். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு நல்ல படகு வேண்டும் என்பது இருவருடைய யோசனை. பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். கடையில் கதிரை போட்டு உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, வள்ளம் வடிவுதான், அது என்ட கண்ணுக்கே தெரியுது. கடல்ல நிக்காமப் போகுமாண்டு மட்டும் செல்லுங்க. ஆக்கள் ஏறப்போற வள்ளம். என்ட புள்ளைகளும் ஏறுவாங்க. ஒங்கட சொல்லைத்தான் நம்புறன்."

இன்னொன்றும் சொன்னார். இஞ்சின் சரி என்றால், அதை இத்தனை வருடம் ஓட்டிய டிரைவரையும் படகோடு சேர்த்து மூதூருக்குக் கூட்டிப் போவதாக எண்ணம்.

அந்த டிரைவர்தான் முத்தையா. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஹந்தானைத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஸ்டோரில் இஞ்சினுக்கு எண்ணெய் போட்டு வளர்ந்து, துரை படகு வாங்கிய நாளிலிருந்து வாவிக்கரைக் கொட்டகைக்கு மாற்றப்பட்டவர். அன்றைக்கு நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். இன்றைக்காவது 'அவர்' என்று சொல்கிறேன். அவருடைய மனைவிக்குத் திருகோணமலை. அங்கே அவளுடைய தாய் தனியாக இருந்தாள். மகள் தாயைப் பார்த்து ஒன்பது வருடம். ஹாஜியாரின் யோசனை காதில் விழுந்த அன்றே முத்தையாவின் மனைவி சட்டி பானையைச் சாக்கில் கட்டிவிட்டாள் என்று கொட்டகைக் காவல்காரன் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். ஆக, நான் பார்க்கப்போன இஞ்சினோடு ஒரு குடும்பமும் மூட்டை கட்டி நின்றது எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

காலை பத்து மணிக்குப் போனேன். முத்தையா துவைத்த சட்டை போட்டு நின்றார். நான் நேரே போய் இஞ்சின் மேல் கையை வைத்தேன். சுட்டது.

ஏன் ஓட்டினாய் என்று கேட்டேன். அவர் பெருமையாகவே சொன்னார், ஐயா வருவதாகச் சொன்னார்கள், அதனால் சூடாக்கி வைத்தேன் என்று.

நான் போய்த் தேநீர் குடித்தேன். பகல் ஒரு மணிக்குத் திரும்பி வந்து கையை வைத்தேன். மறுபடி சுட்டது. ஐயா திரும்பி வருகிறது தெரிந்தது, அதனால் இன்னொரு தரம் ஓடவிட்டேன் என்றார். எனக்குள் போர்மன் எழுந்து உட்கார்ந்தார்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் விடியும்போதே போனேன். வாவி மேல் பனி. தலதா மாளிகைக் கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் பிடித்தால் பிடித்ததுதான் என்று கொட்டகைக் கதவைத் தள்ளினேன். முத்தையா துணியால் இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை வைத்தேன். சுட்டது.

முடிந்தது கதை. மூன்று தரம் சூடு. மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் இப்படிச் சூடாக்குகிறான்? நாவலப்பிட்டியில் பட்ட அடி நினைவுக்கு வந்தது. பூனை ஒரு தரம்தான் சூடு காணும், நான் மனிதனல்லவா என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

தம்பிமாரே, இந்த இடத்தில் நில்லுங்கள். தோட்டத்து ஸ்டோரில் துரை வரும்போது இஞ்சின் நிற்கக்கூடாது. அது அந்தக் காலத்துச் சட்டம். ஹாண்டிலைப் பிடித்துச் சுற்றி, வியர்த்து, இருமி, புகை கக்கி இஞ்சின் எழும்புவதைத் துரை கண்ணால் பார்ப்பது பெரிய மரியாதைக் கேடு. துரையின் குதிரைச் சத்தம் கேட்கும் முன்னே எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியொரு ஸ்டோரில் பழகுநனாக இருந்தபோது ஒரு தடவை குளிர்ந்த இஞ்சினோடு துரைக்கு முன் நின்றதற்காக, ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கன்னத்தில் வாங்கியவன் நான். அந்தக் கன்னம் இதே முகத்தில்தான் இருக்கிறது. ஹந்தானைத் துரை நினைத்த நேரத்துக்குப் படகேறும் பேர்வழி. சில நாள் விடியற்காலையிலேயே வந்து நிற்பார். அதனால் முத்தையா இத்தனை வருடமும் விடியுமுன் இஞ்சினைச் சூடாக்கி வைத்தார். எனக்காகச் சூடாக்கியதும் அந்த மரியாதைதான். என்னையும் ஒரு துரையாக எண்ணியிருக்கிறார், பாவம். உலகத்தில் யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. விதி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மூளைக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறோம்.

பிறகு டைனமோவுக்குப் போனேன். அது குளிர்ந்து கிடந்தது. எனக்குச் சந்தோஷம். பித்தளையெல்லாம் கல்யாணக் குத்துவிளக்குப் போல மின்னியது. இரண்டாவது இழுப்பில் சின்ன இஞ்சின் எழும்பியது. தலைக்கு மேல் இருந்த ஒரே ஒரு பல்பு பளிச்சென்று எரிந்தது. மற்ற ஏழு பல்புகளையும் களவு போகாமலிருக்கத் துரை பங்களாவில் கழற்றி வைத்திருந்தார்கள். ஒன்று எரிந்தால் எட்டும் எரியாதா என்ன என்று நினைத்தேன். தேயிலை ஸ்டோரில் முழுப் பாரமும் ஏற்றாமல் எதையும் நல்லது என்று சொல்லாதவன், பித்தளை மினுக்கத்தில் சொக்கிப்போனேன்.

அப்போதுதான் முத்தையா வாயைத் திறந்தார். துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு சொன்னார்:

"ஐயா, இஞ்சின் தங்கமானதுங்க. டைனமோவ மட்டும் நம்பிறாதீங்க. எல்லா லைட்டும் போட்டா அஞ்சு நிமிசத்துல எரியிற வாட வருதுங்க. ஒரு தரம் பட்டிருக்கேன்."

நான் அதை எப்படிக் கேட்டேன் தெரியுமா? கெட்ட இஞ்சினைக் காப்பாற்ற நல்ல டைனமோ மேல் பழி போடுகிறான் என்று கேட்டேன். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். படகை ஒரு சுற்று ஓட்டிக் காட்டட்டுமா என்று பின்னாலேயே வந்து கேட்டார். அதற்குள் நான் வீதிக்கு ஏறிவிட்டேன்.

ஹாஜியாருக்கு மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். இஞ்சின் சந்தேகத்துக்குரியது, மாற்றவேண்டும். டைனமோ மிக நன்று. இவற்றைப் பராமரிப்பவர் நம்பத்தகுந்தவர் அல்லர்.

மூன்றாவது வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எழுத்து நன்றாக ஓடியது, எழுதிவிட்டேன்.

ஹாஜியார் என் சொல்லை அப்படியே நம்பினார். படகையும் டைனமோவையும் வாங்கினார். எங்கள் பட்டறையிலிருந்து வேறு இஞ்சின் ஒன்று அதில் பூட்டினோம். கழற்றிய இஞ்சினைப் பிலிமத்தலாவையில் நெல் ஆலை வைத்திருந்த ஒருவர் எடுத்துக்கொண்டார். முத்தையாவிடம் ஹாஜியார் பேச்சே எடுக்கவில்லை. மூதூருக்கு வேறு ஆள் பார்ப்பதாகவும், என் கடிதம்தான் காரணம் என்றும் காவல்காரன் மூலம் சொல்லி அனுப்பினார். துரை கப்பலேறினார். கொட்டகை பூட்டப்பட்டது.

படகை ரயிலேற்றுவதற்கு முதல் நாள், குடும்பத்தார் எல்லாரையும் வாவியில் ஒரு சுற்றுக் கூட்டிப் போக ஹாஜியாருக்கு ஆசை. அந்தி மஃரிப் தொழுகை முடிந்து வந்தார்கள். ஹாஜியார், மனைவி, அவர் ராத்தா என்று அழைக்கும் அக்கா, நான்கு பிள்ளைகள். ஓட்டுவது நான். எட்டு பல்பும் மாட்டி, எட்டையும் எரிய விட்டேன். கரையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சின்ன மகள் தண்ணீரில் தெரிந்த விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து சட்டைப் பொத்தான் தெறிக்கும் நிலை.

நடுவிலுள்ள தீவை நெருங்கும்போது வாடை வந்தது. முதலில் அரக்கு உருகும் வாடை, பிறகு துணி எரியும் வாடை. விளக்குகள் மஞ்சளாகி ஒரு தரம் துடித்தன. என் காலடியில் இருந்த டைனமோப் பெட்டியின் இடுக்கு வழியே வெள்ளைப் புகை வந்தது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் பெட்ரோல் தாங்கி.

சுற்றிலும் தண்ணீர். படகில் நீந்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிள்ளைகள் இன்னும் விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு நான் மறைக்கப்போவதில்லை: என்ன எரிகிறது என்று பார்க்கவேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது. பெட்டி மூடியில் கை வைத்தேன்.

"மூடியத் தொறக்காதீங்க! பெட்ரோல் குழாய அடைங்க!"

குரல் கரையிலிருந்து வந்தது. மங்கல் வெளிச்சத்திலும் ஆள் யாரென்று தெரிந்தது. படகு போகிறதைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க வந்து நின்றிருக்கிறார்.

குழாய் எங்கே என்று கத்தினேன். தம்பிமாரே, அந்த வெட்கத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் பரிசோதித்து, மிக நன்று என்று கையெழுத்து வைத்தவன், சின்ன இஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அடைப்பு எங்கே இருக்கிறது என்று வாவி முழுதும் கேட்கக் கத்தினேன்.

"பின் கதிரைக்கு அடியில, எடது பக்கம். கைய விட்டுத் தடவுங்க!"

தடவினேன். கிடைத்தது. அடைத்தேன். சின்ன இஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றது, விளக்கெல்லாம் அணைந்தது. பெரிய இஞ்சினையும் நிறுத்தினேன். மூடியைத் திறக்காமலே, வாவியில் நனைத்த துணிகளை இடுக்கெல்லாம் அடைத்தோம். புகை மெல்ல இளைத்தது. மூடியைத் திறந்திருந்தால் காற்றுப் பட்டுக் குப்பென்று பிடித்திருக்கும், பக்கத்தில் தாங்கி. மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அதே எட்டு விளக்கோடு, இதே பெட்டியோடு, அடுத்த வாரம் அந்தப் படகு ஆட்களை நிறைத்துக்கொண்டு மூதூர்க் கடலில் நின்றிருக்கும்.

இதற்குள் முத்தையா கரையிலிருந்த துடுப்புப் படகை அவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முதலில் பிள்ளைகளை, பிறகு பெண்களை ஏற்றினார்.

கரையேறியதும் ஹாஜியார் என் தோளைப் பிடித்தார்.

"இது எப்படித் தம்பி நடந்திச்சு? நல்லமெண்டுதானே எழுதித் தந்தீங்க?"

துடுப்புப் படகின் கயிற்றைக் கட்டிக்கொண்டு முத்தையா நாலடி தூரத்தில் நின்றார். இந்த மனிதர் முதலே சொன்னார், நான்தான் கேட்கவில்லை: இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. மூச்சு ஒரு தரம் விடும் நேரம்.

"உள்ளுக்குள்ள இருந்த கோளாறு, ஹாஜியார். அது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். முத்தையா கயிற்றின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார். தலையை நிமிர்த்தவில்லை.

ஹாஜியார் என்ன செய்தார் தெரியுமா? எனக்கு நன்றி சொன்னார். அல்லாஹ் காப்பாற்றினான், நீங்களும் பதறாமல் குழாயை அடைத்தீர்கள் என்றார். முத்தையாவுக்கும் நன்றி சொன்னார். ஆனால் மூதூர் வேலையைப் பற்றிப் பேசவில்லை. என் மூன்றாவது வரி அவருடைய அலுமாரியில் பத்திரமாக இருந்தது. புது டைனமோ பூட்டும் வேலையும் எங்களுக்கே வந்தது. ஆபத்திலும் நிதானம் தவறாதவன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டானது. நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் அந்தப் பெயர் இப்படித்தான் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே புகழும் இடம் மாறி உட்கார்ந்தது.

படகு மூதூருக்குப் போனது. முத்தையா இஞ்சினோடு பிலிமத்தலாவை நெல் ஆலைக்குப் போனார். ஆலைக்காரருக்கு அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. என் மூன்று வரியை அவர் படித்ததில்லை.

அந்த ஆலை கொழும்பு வீதி ஓரத்தில் இருந்தது. மாவனல்லைப் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் பஸ் அதன் வாசலைக் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த இஞ்சின் சத்தம் கேட்கும். சீராக, ஒரு தட்டுப் பிசகாமல். சந்தேகத்துக்குரியது என்று நான் எழுதிய இஞ்சின் மழையிலும் ஓடியது, வெயிலிலும் ஓடியது. ஒரு நாளாவது நின்று தொலைக்கக்கூடாதா என்று இரண்டு வருடம் மனதுக்குள் வேண்டினேன். அந்த ஆலையைத் தாண்டும்போது நான் எப்போதும் பஸ்ஸின் மறுபக்கத்தில் உட்காருவேன், ஏதோ சத்தம் அந்தப் பக்கம் வராது என்பது போல.

இரண்டு வருடம் கழித்து நின்றது. ஆனால் இஞ்சின் அல்ல, நான் கண்டி திரும்பிக்கொண்டிருந்த பஸ். சரியாக ஆலை வாசலில் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பி நின்றுவிட்டது. கொண்டக்டர் எல்லாருக்கும் கேட்க, கண்டிப் பட்டறை ஐயா நம்மோடு இருக்கிறார், பயப்படவேண்டாம் என்றான். தண்ணீர் வேண்டும் என்றேன். பக்கத்தில் தண்ணீர் இருந்தது ஆலையில் மட்டும்.

வாளியோடு உள்ளே போனேன். முத்தையா இஞ்சின் அருகில் நின்றார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாங்க ஐயா என்றார். வாளியை வாங்கி, நெல் கொண்டுவந்திருந்த ஒருவரிடம் கொடுத்து பஸ்ஸுக்கு அனுப்பினார். பிறகு திரும்பி, இஞ்சினை நிறுத்தினார்.

ஆலை முழுதும் அமைதியானது. மூட்டையோடு காத்திருந்த ஏழெட்டுப் பேர் என்ன ஏதென்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிங்களத்தில் முணுமுணுத்தார். முத்தையா ஒரு ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார்.

"ஒக்காருங்க ஐயா. இஞ்சின் ஆறட்டும். நீங்க ஆறுன இஞ்சினத்தான பாப்பீங்க. அன்னைக்கி எனக்கு அது தெரியாமப் போச்சு."

குத்திக் காட்டினாரா, மரியாதை செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, வீட்டில் எப்படி என்று கேட்டேன். முதல் தடவையாக 'நீங்க' என்று கேட்டேன்.

"போன மாரியில அவ ஆத்தா போயிட்டாங்கய்யா. கடைசியா ஒரு தரம் மொகம் பாக்கல. அப்பக் கட்டுன சாக்குல ஒண்ண இன்னும் அவுக்காம வச்சிருக்கா."

நான் அவசரமாக, ஹாஜியாருக்கு இன்றே எழுதுகிறேன், மூதூர் வேலையை வாங்கித் தருகிறேன் என்றேன். செய்த பிழையை ஒரே நாளில் அடைத்துவிடப் பார்க்கிற அவசரம். முத்தையா தலையாட்டினார், வேண்டாம் என்று.

"இனி அங்க யாருக்குங்க போறது? எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க, அது போதும். என்ன நம்ப முடியாதுன்னு நீங்க எழுதுன கடுதாசியாலதான் போகல. அது அவளுக்குத் தெரியும். எம் மேல கோவமில்லங்குறா. ஆனா ஒரு தரம் கேட்டா, நெசமாவே ஏதும் மறைச்சீங்களான்னு."

பையில் பட்டறைத் தாள் இருந்தது. எழுதினேன். இந்த இஞ்சின் நல்லது. டைனமோ பற்றி முத்தையா முன்பே சொன்னார்; அவர் சொன்னது உண்மை; நான் கேட்கவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்தவன் நான்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. படித்துக் காட்டுங்கள் என்றார். படித்தேன். நெல் மூட்டைக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். இந்த முறை அவர் சொல்லாமலே சத்தமாகப் படித்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கொட்டகையில் செய்தது போலவே துணியை எடுத்து இஞ்சினைத் துடைத்தார்.

"இன்னும் ஆறலங்க. ஒரு அர மணி நேரம் இருந்தீங்கன்னா, தொட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடலாம்."

ஏற்கெனவே போட்டுவிட்டேன் என்றேன். என் வாழ்நாளில் ஒரு சூடான இஞ்சினுக்கு நான் கொடுத்த நற்சாட்சி அது ஒன்றுதான். அதற்குப் பிறகும் எங்கே போனாலும் முதலில் கையை வைத்தேன், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் சுட்டால், தேநீர் குடிக்கப் போகும்போது அதை ஓட்டுகிற ஆளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வெளியே வந்தபோது பஸ்ஸைக் காணவில்லை. தண்ணீர் ஊற்றியதும் எழும்பிவிட்டதாம். இஞ்சின் தெரிந்த ஐயா தேவைப்படவில்லை. பின்னால் ஆலை மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அது காதை விட்டு மறையும்வரை வீதியோரமாகக் கண்டிப் பக்கம் நடந்தேன்.